முதல் ஸ்போர்ட்ஸ் கார்: 2016 அபார்த் புன்டோ வாங்கலாமா? உங்கள் முதல் காரின் கதையையும் சொல்லுங்கள்

அல்சூர்வாசி:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இது என் முதல் பதிவு, நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

வயது 34. பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூர். அப்பா டிங்கர், சோமேஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் தகர ஷெட் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அம்பாசடர், பத்மினி, மாருதி 800 என்று எது நசுங்கி வந்தாலும் சுத்தியலும், தகரத்துக்கு அடியில் தாங்கிப் பிடிக்கிற டாலிக் கட்டையும் வைத்துத் தட்டியே நேராக்கிவிடுவார். பள்ளத்தில் பட்டிப் பசையை அப்பி மறைக்கிற வேலை அவருக்கு அறவே பிடிக்காது.

2000-ஆம் வருஷம், எனக்கு ஒன்பது வயது, ஷெட்டுக்கு ஒரு சான் ஸ்டார்ம் வந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது பெங்களூரைச் சேர்ந்த சான் மோட்டார்ஸ் தொண்ணூறுகளின் கடைசியில் கொண்டுவந்த இரண்டு சீட் கார், உள்ளே ரெனோவின் 1.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன்தான். ஆனால் ஜீப்பை விட்டுவிட்டால், கூரையை மடித்து வைத்துக்கொண்டு போகிற காரை எங்கள் சந்தில் அதுவரை யாரும் பார்த்ததே இல்லை. சிவப்பு நிறம். முன்பக்க இடது மட்கார்டு அடிபட்டிருந்தது. நசுங்கவில்லை, உடைந்தே போயிருந்தது, ஏனென்றால் அதன் உடம்பு முழுக்க ஃபைபர். நாலைந்து ஷெட்டில் முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்களாம். சுத்தியலால் தட்ட முடியாத காரை அப்பாவும் அதுவரை தொட்டதில்லை, ஆனாலும் வாங்கி நிறுத்திக்கொண்டார். ஃபைபரில் கடைப் பலகை செய்கிற ஒருவரிடம் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, கண்ணாடி இழை விரிப்பை எப்படி வெட்டுவது, ரெசினில் ஹார்ட்னர் எத்தனை சொட்டு விடுவது என்று கற்றுக்கொண்டு வந்தார். அந்த ரெசின் வாசனை இப்போதும் எங்கேயாவது மூக்கில் ஏறினால் எனக்கு அந்த ஷெட்தான் கண் முன்னால் நிற்கும்.

மூன்று வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க வந்த ஓனர் மட்கார்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, சாவியை அப்பாவிடமே நீட்டி, "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க" என்றார். அப்பா என்னைத் தூக்கிப் பக்கத்து சீட்டில் வைத்தார். ஏரியைச் சுற்றி, எம்.ஜி. ரோடு போய், கப்பன் பார்க் வழியாகத் திரும்பினோம். அரை மணி நேரம் இருக்கும். அப்பா பனியனோடுதான் இருந்தார், முழங்கை வரை ப்ரைமர் வெள்ளை. ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே இடம் குறுகல், நான் வேறு காலை அகட்டி உட்கார்ந்திருந்தேன், அதனால் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் புறங்கையால் என் முட்டியை மெதுவாக ஒதுக்கிவிட்டுத்தான் மாற்றுவார். எவ்வளவு வேகம் போனோம் என்பதெல்லாம் நினைவில் இல்லை, அந்தப் புறங்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு 68 ஆகிவிட்டது. ஷெட்டை விட்டாயிற்று, சர்க்கரை இருக்கிறது, போன வருஷம் ஒரு கண்ணில் புரை எடுத்தோம். நான் ஐ.டி. வேலை, ஹொரமாவில் ஃப்ளாட், அதன் தவணை இன்னும் பதினோரு வருஷம் ஓடும். குடும்பத்துக்கு ஒரு வேகன்-ஆர் இருக்கிறது, அது போதும். ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே ஆறு வருஷமாகத் தனியாகச் சேர்த்தது எட்டு லட்சம். இதற்காகக் கடன் வாங்க மாட்டேன். மனைவி, "வாங்கறதுன்னா வாங்கிடுங்க, இன்னும் எத்தனை வருஷம் இதையே பேசிக்கிட்டு இருப்பீங்க" என்கிறாள்.

சான் ஸ்டார்மையே தேடினேன். விற்பனைக்கு வருவதே அபூர்வம், வருவதும் தினமும் ஓட்டுகிற நிலையில் இல்லை. ஹொசூரில் ஒரு 2016 அபார்த் புன்டோ, ஃபியட்டின் வேகமான ஹேட்ச்பேக், பார்த்து வைத்திருக்கிறேன். வெள்ளை, 61,000 கிலோமீட்டர், இரண்டாவது ஓனர், ஏழே கால் லட்சம் சொல்கிறார். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, பாகங்கள் கிடைக்குமா? தமிழ்நாட்டு நம்பர் வண்டியை இங்கே ஓட்ட என்ன செய்ய வேண்டும்? ஆபீஸில் இரண்டு பேர் "நாலு கதவு வச்ச ஹேட்ச்பேக் எப்படி ஸ்போர்ட்ஸ் கார் ஆகும்" என்கிறார்கள், அதற்கு என்ன சொல்வது?

அப்பாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்து நேராக வாசலில் நிறுத்தலாம் என்று இருக்கிறேன்.

முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள். படித்தால் எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

மூன்றாம்கியர்:

இதே வண்டியை 2017-லிருந்து வைத்திருக்கிறேன், ராஜாஜிநகர், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஸ்போர்ட்ஸ் காரா இல்லையா என்ற பேச்சை முதலில் விடுங்கள். கார்லோ அபார்த் 1908-ல் வியன்னாவில் பிறந்தவர், ராசி விருச்சிகம், அதனால்தான் வண்டியில் தேள் இருக்கிறது. 1949-ல் இத்தாலியில் கம்பெனி தொடங்கி அவர் காலமெல்லாம் செய்த வேலையே சின்ன ஃபியட் கார்களை எடுத்து வேகமாக ஓட வைத்ததுதான். அந்த வம்சம் இது. 2015 அக்டோபரில் இங்கே வந்தபோது 1.4 லிட்டர் டி-ஜெட் டர்போ எஞ்சின், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் இழுவிசை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், எல்லாம் சேர்த்து ஷோரூம் விலை பத்து லட்சத்துக்கு ஐயாயிரம் குறைவு. அந்த விலையில் அந்தப் பலத்தோடு அன்றைக்கு வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இரண்டாவது கியரில் டர்போ பிடிக்கும்போது முதுகு சீட்டோடு ஒட்டும், அப்போது கதவை யார் எண்ணப் போகிறார்கள்?

பாகங்கள்: எஞ்சின் பக்கம் ரொம்பப் பயம் வேண்டாம், ஃபியட்டின் லீனியா டி-ஜெட் காரில் இருந்ததும் இதே குடும்பத்து 1.4 எஞ்சின்தான், அங்கே 114 குதிரைத்திறன், இங்கே 145. வெளி உடம்பு பெரும்பாலும் சாதாரணப் புன்டோ ஈவோவுடையது. கிளட்ச், பிரேக் பேட், ஃபில்டர் மாதிரியானவை ஜே.சி. ரோடில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் எனக்குக் கிடைத்துவிடுகின்றன. அபார்த்துக்கென்றே வந்த ஸ்பிரிங், அலாய் வீல், தேள் போட்ட சாமான்கள் இவைதான் கஷ்டம், சில சமயம் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே அலாயில் விரிசலோ வளைவோ இருக்கிறதா என்று நாலு சக்கரத்தையும் உட்கார்ந்து பாருங்கள், உள்பக்க விளிம்பையும் சேர்த்து.

வண்டி பார்க்கப் போகும்போது காலையில் முதல் ஆளாகப் போங்கள், ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பானட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, டர்போவாகவும் இருக்கலாம், விலகிவிடுங்கள். மீட்டர் 61,000 காட்டுகிறது என்பதை அப்படியே நம்ப வேண்டாம். பிரேக் பெடல் ரப்பர், கியர் குமிழ், டிரைவர் சீட்டின் வலது ஓரம், இவை எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பார்த்தால் தெரியும், சர்வீஸ் பில்களில் இருக்கிற கிலோமீட்டரோடும் ஒத்துப்பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. கண்ணாடிகளில் பதித்த வருஷம் ஒன்றில் மட்டும் வேறாக இருந்தால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

முக்கியமாக டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து ஓட வைக்கிற பட்டை. இந்த எஞ்சினில் பெல்ட்தான், செயின் இல்லை. கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசானால் ரப்பர் ரப்பர்தான். மாற்றியதற்கு பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வாட்டர் பம்போடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அறுந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும்.

நகரத்துக்குள் எனக்கு லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் கிடைக்கிறது. தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி 155 மில்லிமீட்டர், நம்ம ஊர் ஹம்ப்புகளில் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்வாக ஏற்றி இறக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கதை கேட்டீர்களே. வாங்கின முதல் மே மாசம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி போய்த் திரும்பி வரும்போது, கிருஷ்ணகிரியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு கூடை மாம்பழம் வாங்கிவிட்டார். டிக்கியில் ஒன்று, பின்சீட்டில் ஒன்று. ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றினால் கார் முழுக்க மாம்பழம். டர்போ பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு லாரியை முந்தியதும், "இன்னொருக்கா அப்படிப் போ" என்றார். அம்மா இப்போது இல்லை. மே மாசம் வந்தால் நான் கிருஷ்ணகிரி போய் ஒரு கூடையாவது வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

எல்லைச்சாவடி:

நம்பர் பற்றி மட்டும். வேறு மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடக நம்பருக்கு மாற்றியாக வேண்டும், அது மத்தியச் சட்டம். அதற்கு முதலில் ஹொசூர் ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், கர்நாடகா வரி நாட்டிலேயே அதிகம் வாங்குகிற மாநிலங்களில் ஒன்று, நல்லவேளையாக பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் குறைத்துக் கணக்கிடுவார்கள். இந்தத் தொகையை இப்போதே கேட்டு வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதி வருஷங்களுக்கானதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பொறுமை வேண்டும்.

வண்டிமேல் கடன் ஏதாவது பதிவாகி இருக்கிறதா, அபராதம் பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். நான் என் முதல் வண்டியை கோயம்புத்தூரிலிருந்து ஒரு தரகர் மூலம் வாங்கினேன். "சான்று அடுத்த வாரம் வந்துடும் சார்" என்றவர் ஐந்து மாசம் இழுத்தடித்தார், ஆசை ஆசையாக வாங்கிய காரை மூடி போட்டு நிறுத்தி வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து பேஸ்மெண்டுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டுவேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம். சான்று கைக்கு வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள்.

பச்சைவிளக்கு:

என் முதல் வேகமான கார் 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2018-ல் பழையதாக வாங்கினேன், என் சொந்தச் சம்பளத்தில். 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன், தானாகக் கியர் மாற்றுகிற ஏழு கியர் டிஎஸ்ஜி. அதைப் பார்க்கப் போன இடத்தில் விற்கிறவர் கடைசி வரை என் தம்பியிடமே பேசிக்கொண்டிருந்தார், அவன் கார் ஓட்டவே மாட்டான், துணைக்கு வந்தவன். நான் கேட்கிற கேள்விக்கும் அவன் முகத்தைப் பார்த்தே பதில் வந்தது. அந்த இடத்தில் வாங்கவில்லை. அடுத்த மாசம் வேறு ஒருவரிடம், ஒரு டாக்டர் அம்மா, அவர்களிடம் வாங்கினேன். சாவியைக் கொடுத்துவிட்டு, "இதுல தனியா ஒரு தடவை தூரமாப் போயிட்டு வாம்மா" என்றார்கள்.

போனேன். வீட்டில் சேலத்தில் வேலை என்று சொல்லிவிட்டு விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஹொசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஏற்காடு. சேலம் பக்கமிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருப்பார்கள். பதினோராவது வளைவைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, மதகுக் கட்டையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைச் சாப்பிட்டேன். எஞ்சின் சூடு ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வருமே, அது ஒன்றுதான் கேட்டது. அப்போது எனக்கு 29 வயது. நான் எங்கே இருக்கிறேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பயமே இல்லை.

சரி, உங்கள் விஷயம். வாங்குங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கடன் இல்லாமல் வாங்குகிறீர்கள், வீட்டுக்காரி சம்மதித்துவிட்டார், அப்புறம் என்ன. ஆனால் அப்பாவுக்குச் சொல்லாமல் வாங்கி வாசலில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை அண்ணா. முப்பது வருஷம் கார் உடம்பைத் தட்டிப் பார்த்தே பிழைத்த மனிதர். நீங்கள் பழைய கார் வாங்கப் போகிறீர்கள். அவரைக் கேட்காமல் வாங்கி நிறுத்தினால் முதல் நாள் சந்தோஷப்படுவார், இரண்டாம் நாள் பட்டி பூசின இடத்தைக் கண்டுபிடிப்பார், உங்கள் மனசு நோகக் கூடாது என்று வாயைத் திறக்க மாட்டார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஷெட் போன பிறகு அவரிடம் யாராவது ஒரு காரைக் காட்டி "இது எப்படி இருக்கு" என்று கேட்டிருப்பார்களா?

அப்படியே அவரை முன்சீட்டில் ஏறி இறங்கச் சொல்லியும் பாருங்கள், முட்டி எப்படி இருக்கிறது என்று தெரியும். இரண்டு சீட் கார்களில் தரையோடு தரையாக உட்கார வேண்டும், 68 வயதில் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டி வரும். புன்டோவில் அந்தப் பிரச்சினை இருக்காது. நாலு கதவு இருப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

சோழவரம்80:

தம்பி, உங்கள் பதிவில் ஃபைபர் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வயது 66. பெங்களூரில் ஒரு பொதுத்துறை ஃபேக்டரியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவன்.

உங்கள் சான் ஸ்டார்முக்கு முன்னாடியே பெங்களூரில் ஒரு ஃபைபர் கார் இருந்தது, சிப்பானி டால்ஃபின். இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரை வைத்துச் செய்தது, இரண்டு கதவு, 848 சிசி எஞ்சின், பின்சக்கர இழுவை. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தது. பார்க்க ஒரு டப்பா மாதிரிதான் இருக்கும், ஆனால் எடை குறைவு, அதனால் சோழவரத்தில் ரேஸுக்கு நிறையப் பேர் அதைக் கொண்டுவந்தார்கள். சோழவரம் என்பது சென்னைக்குப் பக்கத்தில் பழைய ராணுவ விமான ஓடுதளம், இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வருவதற்கு முன் தென்னாட்டுக்கு ரேஸ் என்றால் அதுதான். நானும் ஃபேக்டரி நண்பர்கள் மூன்று பேரும் ராத்திரி ரயிலில் போய், வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்று பார்ப்போம். வளைவில் டால்ஃபின் உள்பக்கமாக நுழைந்து பெரிய கார்களைத் தாண்டும்போது கூட்டம் முழுக்க எழுந்து நிற்கும்.

அந்த ஆசையில் 1987-ல் பழைய டால்ஃபின் ஒன்று வாங்கினேன், மஞ்சள் நிறம். அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இன்றைக்கு உள்ள பிள்ளைகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், எனக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபரில் வெயிலுக்கு மேல்பூச்சு சிலந்தி வலை மாதிரி மெல்லிசாக விரியும், நானே ஞாயிற்றுக்கிழமைகளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெசின் வைப்பேன், என் பெரிய பெண் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்கிற தண்ணீரை ஊற்றுவாள். அப்புறம் 1996-ல் அவள் காலேஜ் சேர்கிற சமயம் விற்றுவிட்டேன். விற்றதில் வருத்தம் இல்லை, அவள் இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

2009-ல் ஒரு கல்யாணத்துக்காக கே.ஜி.எஃப். போயிருந்தேன். மாரிக்குப்பம் போகிற வழியில் ஒரு வீட்டுக் கொல்லையில் செங்கல் மேல் ஒரு டால்ஃபின் கூடு நின்றது. எஞ்சின் இல்லை, கதவு இல்லை, சக்கரம் இல்லை. மஞ்சள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வலது பக்க விளக்குக்குக் கீழே நான் ரெசின் வைத்த திட்டு, ஒரு சாண் நீளம், கொஞ்சம் மேடாக, அப்படியே இருந்தது. ஃபைபர் துருப்பிடிக்காது இல்லையா. கூரை மேல் பள்ளிக்கூடச் சட்டை இரண்டு காய்ந்துகொண்டிருந்தது, உள்ளே ஒரு பையன் உட்கார்ந்து ஸ்டீயரிங் இருந்த இடத்தில் கையை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தான். அது என்னுடைய கார் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

பச்சைவிளக்கு என்ற அந்தப் பெண் எழுதியதுதான் சரி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பேஏரியா_திரும்பியவன்:

நான் அமெரிக்காவில் இருந்தபோது 2004-ல் வாங்கினது 1990 மாஸ்டா மியாட்டா. ஆபீஸ் நண்பர்கள் சொன்ன அளவுகோல்படி பார்த்தால் அது அக்மார்க் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு சீட், பின்சக்கர இழுவை, மடிக்கிற கூரை, ஸ்விட்சைப் போட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி எழும்புகிற முன்விளக்கு. ஆனால் பலம்? 116 குதிரைத்திறன். உங்கள் புன்டோவை விடக் குறைவு. எடை ஒரு டன்னுக்குள், அதுதான் விஷயமே. சனிக்கிழமை அதிகாலையில் கலிஃபோர்னியா கடற்கரை ரோட்டில் மூடுபனியில் ஹீட்டரைக் காலுக்கு வைத்துக் கூரையை மடித்துக்கொண்டு போவோம், நானும் அறைத்தோழனும், இரண்டு பேருமே அப்போது வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தோம், அந்த இரண்டு மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்பந்தம்.

2009-ல் பெங்களூர் திரும்பும்போது கொண்டுவர வழி இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய முடியாது, ஸ்டீயரிங்கும் வலது பக்கம் இருக்க வேண்டும், அது இடது. ஒரு கல்லூரி மாணவிக்கு விற்றேன். மியாட்டா இங்கே விற்பனைக்கே வரவில்லை, நானும் வரும் வரும் என்று பத்து வருஷம் வேறு எதையும் வாங்காமல் இருந்துவிட்டேன், அது தப்பு. கையில் கிடைப்பதை வாங்கி ஓட்டுங்கள்.

இன்னொன்று, வாங்கினதும் எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிப் பலம் கூட்டுகிற ரீமேப், பெரிய சைலன்சர் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்கள். அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுங்கள். வேகமாகப் போக ஆசை வந்தால் ரோட்டில் வேண்டாம், கோயம்புத்தூர் கரி டிராக்கிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ டிராக் நாள் நடக்கும்போது பதிவு செய்து போங்கள்.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. சோழவரம் அய்யா, உங்கள் பதிவை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

பச்சைவிளக்கு சொன்னதைப் படித்த அன்றைக்கு ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "எந்த வருஷம், எத்தனை ஓனர்" என்று மட்டும் கேட்டார். சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் எழுந்திருக்கும்போது சட்டை போட்டு, ஷெட்டில் வைத்திருந்த சின்ன டார்ச்சையும் ஒரு காந்தத்தையும் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

ஹொசூரில் அவர் முதலில் காரைத் தொடவே இல்லை. பின்பக்கம் பத்தடி தள்ளிப் போய்க் குந்தி உட்கார்ந்து, வெயில் கதவின் மேல் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கதவுகளைத் திறந்து, ரப்பர் பீடிங்கை ஒவ்வொரு இடமாகக் கட்டைவிரலால் விலக்கி, அதன் அடியில் நகத்தை ஓட்டினார். இடது பின்கதவில் நின்றுவிட்டார். என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மணல் மாதிரி சொரசொரப்பாக ஒரு கோடு. "ஸ்ப்ரே அடிக்கும்போது டேப் சரியா ஒட்டல. இது கம்பெனி பெயின்ட் இல்ல" என்றார். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தார், பிடித்தும் பிடிக்காமலும் நழுவியது. உள்ளே பட்டி. விற்கிறவரிடம் கேட்டதும், அவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை, பார்க்கிங் தூணில் உரசியது, பில் இருக்கிறது என்று எடுத்தே காட்டினார். அப்பா தூணுக்கும் விபத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிட்டார், கீழே படுத்து சேசிஸ் ஓரத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்து, "அடி உள்ள போகல, எலும்பு நல்லா இருக்கு, வாங்கு" என்றார். பானட் குளிர்ந்துதான் இருந்தது, புகை இல்லை. விலையை ஆறே முக்கால் லட்சத்துக்கு முடித்தோம். டோக்கன் கொடுத்தாயிற்று, தடையில்லாச் சான்று வந்த பிறகுதான் மீதிப் பணம்.

ஓட்டிப் பார்க்கும்போது அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார், ஏறி இறங்கச் சிரமம் இல்லை. ராயக்கோட்டை ரோட்டில் கொஞ்சம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் இரண்டாவதில் அழுத்தினேன், மூன்றாம்கியர் சொன்ன மாதிரியே முதுகு ஒட்டியது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது போட நான் கையைக் கியருக்குக் கொண்டுபோனதும் அவர் தன்னால் முட்டியை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டார். இந்தக் காரில் இடம் தாராளம், ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை. நாலாவதுக்கும் ஒதுக்கினார்.

பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லை. மூன்றாம்கியர் அண்ணா, டைமிங் பெல்ட் கிட்டும் வாட்டர் பம்பும் ஜே.சி. ரோடில் எந்தப் பக்கக் கடைகளில் கேட்பது? வண்டி வருவதற்குள் வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் அப்பா.

மூன்றாம்கியர்:

டவுன் ஹால் பக்கமிருந்து நுழைந்து இடது கை வரிசையில் ஆரம்பியுங்கள். எஞ்சின் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், டி-ஜெட் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லையென்றால் சாதாரண 1.4-க்கு உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நிறையக் கடை இருக்காது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நானே வருகிறேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் வண்டியின் வலது முன்கதவில் ஒரு டென்ட் இருக்கிறது, அவரிடம் காட்ட வேண்டும்.